ஐயாயிரம் பேருக்கு அரை டிக்கெட்

மாப்ள,

என் வெள்ளைச் சட்டையில் அந்த மேடைப் புகையின் நாற்றம் இன்னும் போகவில்லை. பழைய சென்ட்டையும் கருகின சர்க்கரையையும் ஒன்றாகக் காய்ச்சி இறக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நாற்றம். உன் அக்கா இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசினாள். மூன்றாவது தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு, "கல்யாணத்துக்குப் போனீங்களா, எங்கயாவது சாக்கடையில உழுந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, கொல்லையில் மற்ற துணிகளுக்கு ஒட்டாத தூரத்தில் தனிக்கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். காற்றடிக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக் கையாட்டுகிறது. அதைப் பார்த்தபடிதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இதுவரை உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றவில்லை. போன வாரம் தோன்ற வைத்துவிட்டார்கள். ஒரு மனிதனுக்கு ஏழெட்டு வருஷத்தில் காட்டவேண்டிய கூத்தையெல்லாம் ஒரே வாரத்தில் காட்டி, வாந்தி எடுக்காத குறையாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

போன வாரம் உன் மகளுக்குக் கல்யாணம். அது உனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வாரத் தொடக்கத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். தேன்மொழி திருச்சி ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். காப்பி கொண்டுவந்து வைத்தவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரிசப்ஷன்ல அப்பாவப் பத்தி யாரும் மைக்கப் புடிச்சிப் பேசக் கூடாது. எல்லாரும் அழுவாங்க. அம்மாவச் சொல்லவே வேணாம். அப்பாவுக்கு அதெல்லாம் புடிக்காது. அவரு இருந்தா எப்படி நடக்குமோ அப்படிச் சாதாரணமா நடக்கட்டும். அது ஒங்க பொறுப்பு."

"நீ கவலையே படாதம்மா. என்னை மீறி அந்த மண்டபத்துல ஒரு கொசு பாடாது," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுட்டுவிரலை நீட்டி, அதைப் பாதிக்கு மடக்கிக் காட்டினாள். "பாதிக் கொசுவாச்சும் பாடாம பாத்துக்கங்க."

அந்த விரல் உன் விரல், மாப்ள.

பெரம்பலூர்–அரியலூர் தனியார் பஸ்ஸில் நீ கண்டக்டராக இருந்த காலம் முழுக்க உன் பஸ்ஸில் போனவன் நான். வெங்காயக் கமிஷனுக்காகப் போனேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டாலும், டிரைவருக்குப் பக்கத்து நீளச் சீட்டில் உட்கார்ந்து பேசுவதற்காகவும்தான் போனேன். தாய்மார்கள் மடியில் கொள்ளாத பிள்ளையை இடுக்கிக்கொண்டு, "பன்னெண்டு முடியலிங்க, அர டிக்கெட்டுப் போடுங்க" என்பார்கள். நீ அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாய். குனிந்து பிள்ளையிடம், "பாப்பா, எந்தக் கிளாஸ் படிக்கிறீங்க?" என்பாய். "எட்டாப்பு அங்கிள், ஏ செக்‌ஷன்!" என்று அது பெருமையாகக் கத்தும். பஸ்ஸே சிரிக்கும். நீ சிரிக்காமல் முழு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாய்.

அங்கே முழுசாகக் கிழித்த அந்தக் கை, என்னிடம் வந்தால் மட்டும் அரைக்கு மாறிவிடும். அரியலூரில் ஒரு மாநாட்டுக் கூட்டத்தை நான் தனியாளாக நின்று அடக்கியதைச் சொல்வேன். பின்னாலிருந்து விசில் ஊதுகிற மாதிரி உன் குரல் வரும். "மாமாவுக்கு ஒரு அர டிக்கேட்!" விரலும் மடங்கும். எட்டாவது படிக்கும்போது வாத்தியார் தன் சந்தேகத்தை என்னிடம்தான் கேட்பார் என்பேன். அதற்கும் அரை டிக்கெட். நான் எதைச் சொன்னாலும் நீ பாதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மீதியை உள்ளே ஏற்றினாய். உன் மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அதைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் உன்னிடமே, "அப்பா, நீ நேத்து நல்லாச் சமைச்சேன்னு சொன்னியே, அதுக்கு அர டிக்கெட்டு" என்று விரலை மடக்கினாளே, அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே. சரி, அது இருக்கட்டும்.

இப்போது முருகேசன் கதைக்கு வருகிறேன். நம் நாலு பேரில் அவன் ஒருத்தன்தான் சிங்கப்பூர் போய்த் தேறினவன். உன் மகள் கல்யாணத்துக்கென்று ஒரு வாரம் லீவில் வந்து இறங்கினான். இறங்கினதும் ஒரு வாடகைக் காரைப் பிடித்தான், என்னையும் அந்தோணி வாத்தியாரையும் அதில் போட்டுக்கொண்டான். வாத்தியார் ஏலாக்குறிச்சியில் ரிட்டயர் ஆகிச் சும்மா இருந்தவர். வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாது.

"மாமா, இந்த ஒரு வாரம் நான் சொல்றதுதான் புரோகிராம். அங்க உக்காந்து ஃபோன்லயே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. எல்லாம் லைவா பாக்கணும்!"

லைவாம். சொல்கிறேன் கேள்.

முதல் நாள் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு. கடைக்கு முன்னால் பந்தல் போட்டு 'மாபெரும் நேரடி இன்னிசை மழை'. எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டார்கள். (விரலை மடக்காதே. இரண்டாம் வரிசை என்றே வைத்துக்கொள்.) பாட்டு ஆரம்பித்ததும் மேடையின் இரண்டு பக்கமும் ஒரு கறுப்புப் பெட்டி உஸ்ஸென்று புகையைக் கக்கியது. அன்றைக்குத்தான் முதல் தடவை அந்த நாற்றம் என் மூக்கில் ஏறியது. முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மேடை தெரியவில்லை. முன்சீட்டுக்காரன் ஃபோனுக்குள் தெரிந்த மேடையைத்தான் நான் பார்த்தேன்.

கீபோர்டு வாசிக்கிற பையன் இரண்டு கையாலும் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். கீபோர்டு தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரன் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீ குடித்தான். டிரம்ஸ் அதிர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன்.

"டேய், வாசிக்கிறது யார்றா?"

அந்தோணி வாத்தியார் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "யோவ், உக்காருய்யா. எல்லாம் பென் டிரைவ்ல இருக்குய்யா. கம்ப்யூட்டர் பாடுது, இவுங்க நிக்கிறாங்க."

"அப்ப இவனுங்களுக்கு எதுக்கு மேடை?"

"நிக்கிறதுக்கு ஆளு வேணுமில்ல?"

முருகேசன் கண்ணெல்லாம் மினுங்க, "சூப்பர்ல மாமா?" என்றான். அவன் முகத்துக்காகத் தலையாட்டினேன். ஆனால் காறித் துப்பவேண்டும் போல் இருந்தது.

உனக்கு வாலிகண்டபுரம் திருவிழா ஞாபகம் இருக்கிறதா? இல்லாமலா? ஆர்க்கெஸ்ட்ராவில் பாடவந்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஊர்ல பாடத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா மேடைக்கு வரலாம்" என்று சொன்னார்கள். ஐயாயிரம் பேர் கூட்டம். ஒருத்தனுக்கும் தைரியமில்லை. நான் ஏறினேன். முழுப் பாட்டையும் பாடினேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இதைச் சொல்லும்போதெல்லாம் நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். "அர டிக்கேட்! மாமா பல்லவிதான் பாடுனாரு. அதுக்குள்ள கரண்ட்டு போயிருச்சு. மனுசன் பொறுத்தாலும் கம்பி பொறுக்கல." கேட்கிறவன் விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். கூட்டம் எத்தனை என்று இருட்டில் நீ எண்ணினாயா என்று கேட்பேன்.

ஆனால் கரண்ட் போனதற்கு அப்புறம் நடந்ததில் நமக்குள் சண்டையே வந்ததில்லை. ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. மைக் இல்லை, விளக்கு இல்லை. தபேலாக்காரர் தபேலாவை மேடை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புல்லாங்குழல்காரர் பக்கத்தில் வந்தார். தொண்டை கட்டினவர் அந்தக் கட்டின தொண்டையிலேயே, பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்கிற மாதிரி மெல்லப் பாட ஆரம்பித்தார். நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக இறங்கி வந்து மேடைக்கடியில் மண்ணில் உட்கார்ந்தார்கள். நாமும் போய் உட்கார்ந்தோம். ஒரு குழந்தை இருமினால்கூடக் கேட்டது. நீ என் தோளில் இடித்து, "இப்பத்தான் மாமா கச்சேரி ஆரம்பிக்குது" என்றாய்.

அப்படிக் கேட்ட காதில்தான் பென் டிரைவை ஊற்றினார்கள்.

மறுநாள் செந்துறையில் ஒரு கோயில் திருவிழாப் பட்டிமன்றம். சந்தோஷம் கல்யாணத்துக்கு முன்பா, பின்பா என்று தலைப்பு. பொண்டாட்டி அடித்த கதை, மாமியார் சமைத்த கதை. சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே சனம் சிரித்தது. ஏற்கெனவே ஃபோனில் பார்த்த ஜோக்கை நேரில் பார்க்க வந்திருக்கிறார்கள். நடுவர் அடிக்கடி என் பக்கமே பார்த்தார். எதிர்த்து யாராவது எழுந்தால் நான்தான் எழுவேன் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. வாத்தியார் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கினார். அன்றைக்கு அங்கே புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருத்தர்தான்.

அதற்கப்புறம் பொருட்காட்சி. கடல் கன்னி என்று ஒரு கூடாரம். கண்ணாடித் தொட்டிக்குள் பிளாஸ்டிக் வாலை மாட்டிக்கொண்டு ஒரு பெண் படுத்திருந்தாள். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடல் கன்னி ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் முருகேசன் ஆளுக்கொரு டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்தான். தட்டு அகலத்துக்கு இருந்தது. அதைப் பொரித்த எண்ணெய் போன பொருட்காட்சியிலும் பொரித்திருக்கும். முதல் கடியிலேயே தொண்டையில் ஒரு பிசின் படிந்தது, வீடு வரும்வரை இறங்கவில்லை.

காரில் போகும்போதும் வரும்போதும்தான் எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் முருகேசன் உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான். "மாமா, நீங்களும் அவனும் எத்தன கச்சேரி பாத்திருப்பீங்க?" "மாமா, அந்த வாலிகண்டபுரம் கத சொல்லுங்களேன்." சிங்கப்பூரில் தனியாக உட்கார்ந்து ஏங்கினவன், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நானும் அள்ளி வழங்கினேன். ஆயிரம் கச்சேரி என்றேன். ஐயாயிரம் பேர் என்றேன். சிமெண்ட் லாரிகள் வரிசையாக எதிரே வந்துகொண்டிருந்தன. அவற்றின் இரைச்சலுக்கும் மேலே கத்திச் சொன்னேன். ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும் கொஞ்சம் நிறுத்தினேன், மாப்ள. முப்பது வருஷப் பழக்கம். அந்த இடத்தில் உன் சத்தம் வரும் அல்லவா? முருகேசன், "அடேங்கப்பா!" என்றான். அவ்வளவுதான். அவன் ஃபோன் முன்னாலிருந்த தாங்கியில் சிவப்புப் புள்ளியோடு எரிந்துகொண்டிருந்ததை நான் கவனித்தேன். ரூட் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

வாரக் கடைசியில் அரியலூர் மண்டபத்தில் ரிசப்ஷன். நான் வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் கவனித்தேன். மைக்கைத் தேடிக்கொண்டு போன உன் சித்தப்பா மகனைப் பந்திக்குத் திருப்பிவிட்டேன். கவிதை எழுதிக்கொண்டு வந்த ஒருத்தரை, "அப்புறம் சார், அப்புறம்" என்றே ஐஸ்கிரீம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு கொசு பாடவில்லை. தேன்மொழி மேடையில் சிரித்த முகமாக நின்றாள். மாப்பிள்ளைப் பையனும் நல்ல பையன்தான். உன்னை மாதிரியே ஒல்லி.

அப்போது விளக்கை அணைத்தார்கள்.

மேடைக்குப் பின்னால் சினிமாத் தியேட்டர் மாதிரி வைத்திருந்த திரை எரிந்தது. புகைப்பெட்டி கக்க ஆரம்பித்தது. ஜவுளிக்கடையில் கக்கிய அதே சரக்கு. புகைக்கு நடுவில் திரையில் நீ வந்தாய்.

நீயா அது? நீலக் கோட்டு. கோட்டு, மாப்ள! காக்கிச் சட்டை தவிர உனக்கு எது பொருந்தியது? முன்பல் இடுக்கில் உனக்கு ஒரு வெற்றிலைக் கறை உண்டே, அதைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். பீங்கான் மாதிரி பல். கன்னம் வழவழவென்று. வாய் ஒரு பக்கம் போனது, வார்த்தை இன்னொரு பக்கம் வந்தது. ஆனால் குரல் உன் குரல். "மாமா எங்க இருக்க, வண்டி எடுக்கப் போறேன்" என்று நீ அனுப்பின வாட்ஸப் குரலையெல்லாம் சேர்த்து எந்த மிஷினிலோ போட்டு அரைத்திருக்கிறார்கள்.

"என் அன்பு மகளே தேன்மொழி! நான் எங்கும் செல்லவில்லை. உன் அருகிலேயே இருக்கிறேன்."

நீ உன் மகளை ஒருநாளாவது அன்பு மகளே என்று கூப்பிட்டாயா? "ஏ புள்ள" என்பாய். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டபம் முழுக்க ஃபோன்கள் எழுந்தன. தேன்மொழியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் திரும்பித் திரையை அண்ணாந்து பார்த்தாள். எதைத் தடுக்கச் சொன்னாளோ அது என் கண்ணெதிரிலேயே நடந்தது.

அடுத்து என்ன சொன்னது தெரியுமா, அந்தக் கோட்டுப் போட்ட பிசாசு?

"என் ஆருயிர் மாமாவும் நானும் ஆயிரம் கச்சேரிகள் பார்த்திருக்கிறோம். வாலிகண்டபுரத்தில் அவர் முழுப் பாடலையும் பாடியபோது, ஐயாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்!"

சனமெல்லாம் என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. முப்பது வருஷமாக நான் ஏங்கினது இதற்குத்தானே? உன் வாயால் ஐயாயிரம். ஒருநாளும் நீ தராத முழு டிக்கெட். கிடைத்துவிட்டது. வாயில் வைத்தால் டெல்லி அப்பளத்து எண்ணெய். அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தம்கூட இருந்தது. நான் காத்திருந்தேன், வெட்கமில்லாமல் காத்திருந்தேன். அது விரலை மடக்கவில்லை. பீங்கான் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு அடுத்த பொய்க்குப் போனது.

பாய்ந்தேன். இந்த வயதிலும் மேடையை ஒரே தாவில் தாண்டினேன். (சரி, இரண்டு படி ஏறினேன்.) திரைக்குப் போகிற வயர் என்று ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அது புகைப்பெட்டியோடு சேர்ந்த வயர். பெட்டி கவிழ்ந்து என் நெஞ்சிலேயே வாயை வைத்துக் கக்கியது. கண் தெரியவில்லை, மூச்சு முட்டியது, சட்டையெல்லாம் நனைந்தது. புகை கிளம்பித் திரையை அப்படியே மூடிவிட்டது. கோட்டும் தெரியவில்லை, பல்லும் தெரியவில்லை. இதையும் ஏற்பாட்டில் ஒன்று என்று நினைத்துக் கொண்டு சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது!

இருமிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரில் தேன்மொழி நின்றாள். பட்டுப்புடவை, மாலை, சுற்றிலும் புகை. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சுட்டுவிரலை நீட்டினாள். பாதிக்கு மடக்கினாள்.

சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. என் காதுக்கருகில் குனிந்து சொன்னாள்: "நல்ல வேள மாமா, ஐயாயிரம்னாங்க. அதுக்கு முந்தி ஒரு நிமிசம் அப்பாதானோன்னு நெனச்சிட்டேன். ஐயாயிரம்னதும் தெரிஞ்சிருச்சு. எங்கப்பாவா இருந்தா உங்கள அதோட வுட்டுருப்பாரா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். போய் அம்மாவின் காதிலும் எதையோ சொன்னாள். தங்கச்சி முந்தானையை எடுத்துவிட்டு என் சட்டையைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அண்ணே, போயி மொகத்தக் கழுவிட்டுச் சாப்புடுங்க" என்றாள்.

காரில் எரிந்த சிவப்புப் புள்ளி எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது; பந்தியில் முருகேசனைப் பிடித்தேன். அவனை இலையிலேயே புதைத்துவிடுவது என்றுதான் போனேன். அவன் சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"யாரக் கேட்டுடா பண்ணுன? நான் அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்."

"சாவுக்கு வர முடியலல்ல மாமா," என்றான். "வீடியோ கால்லதான் மொகத்தப் பாத்தேன். யாரோ ஃபோன ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. சரியாக்கூடத் தெரியல. ஒரு வாட்டி நல்லாப் பாத்துடணும்னு..."

அந்தோணி வாத்தியார் அவன் இலைக்கு ஒரு அப்பளத்தை எடுத்து வைத்தார். திட்டப் போனவன் அவன் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டேன். அருவருப்பு மட்டும் போகவில்லை, மாப்ள. அது அவன்மேல் இல்லை. பாட ஆளில்லாத பாட்டு, தண்ணீர் இல்லாத கன்னி, கறையில்லாத நீ. எல்லாவற்றையும் லைவ் என்று எழுதி மேடையேற்றிப் புகை போடுகிறார்களே, அதன்மேல்.

வெள்ளைச்சட்டையை உன் அக்கா நாலாம் தடவையும் அலசப்போவதாகச் சொல்கிறாள். நாற்றம் போனாலும் போகட்டும். என்னிடம் வேறொன்று இருக்கிறது. இப்போதெல்லாம் எதையாவது பேசி முடித்ததும் என் விரல் தானாகவே பாதி மடங்குகிறது. நேற்று டீக்கடையில் பார்த்துவிட்டு, "என்ன மாமா, வெரல்ல வாயுப் புடிப்பா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்கும் மடங்கியது.

இதில் எழுதினதையெல்லாம் நீ வழக்கம்போல் அரையாக்கிக்கொள். அந்த ஜவுளிக்கடை முன்வரிசையை, நடுவர் என்னைப் பார்த்ததை, நான் தாவினதை, எல்லாவற்றையும் வெட்டிக்கொள், எனக்கு வருத்தமில்லை. புகைக்குள் நின்று உன் மகள் மடக்கினாளே ஒரு விரல், அதற்கு மட்டும் முழு டிக்கெட்டாகக் கிழித்துவிடு.

உன் மாமா